அம்மா மேல் இறங்கிய வெக்கை

"நாலெழுத்துப் படிச்சிட்டா ஆத்தாவையே சந்தேகப்படுவியாக்கும்?"

பெரியம்மா என்னிடம் இப்படிக் கேட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா அந்த வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவள். நான் நர்சிங் படிப்பை முடிக்கப் போகிறேன். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் அம்மா மேல் ஆத்தா சாமியாக வந்ததை ஊரிலேயே அதிகமாக நம்பியவள் நான்தான்.

எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயதில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாட்டு ரத்தப்போக்கு நிற்கவில்லை, பட்டாசுக் கம்பெனியில் அடிக்கடி லீவு கேட்க முடியவில்லை. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். எடுத்ததெல்லாம் உடம்புக்குள் இதுவரை என்ன வேலை பார்த்தன என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பிள்ளை பெற்று முடித்தவளுக்கு அது எதற்கு என்பதோடு பேச்சு முடிந்தது.

பெரியம்மாவுக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்துகொள்ளும் பெண்களுக்கெல்லாம் ஒரே கவலை, விரதத்தின் நடுவில் தூரம் வந்துவிடக் கூடாது என்பதுதான். அம்மாவுக்கு இனி அந்தக் கவலை இல்லை. "குடுத்து வச்சவ நீ. இனி வருசாவருசம் நம்ம வீட்டுச் சட்டி உன் கையிலதான்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். தான் நேர்ந்துகொண்ட சட்டிகளையும் அவர் அம்மா கையிலேயே கொடுத்தார்.

அப்போது அம்மாவுக்கு இன்னொன்றும் தொடங்கியிருந்தது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு வெக்கை ஏறும். கழுத்தும் முகமும் கன்றிச் சிவக்கும். பிறகு ஜாக்கெட் நனைந்து ஒட்டும் அளவுக்கு வேர்க்கும். சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் கம்பெனி வாசலில் நின்று நானே காதால் கேட்டேன். "ஏம்மா, வெடிமருந்துல வேர்வை சொட்டுனா என்ன ஆகும்னு தெரியும்ல? எந்திரிச்சு அங்கிட்டுப் போ" என்று போர்மேன் சத்தம் போட்டார். உடன் வேலை பார்த்த பெண்கள் சிரித்தார்கள். "ஊருக்கெல்லாம் சித்திரை ஒரு மாசம்தான். இவளுக்கு மட்டும் வருசம் பூரா" என்றாள் ஒருத்தி. அதற்குப் பின் அம்மாவைத் திரி சுற்றும் அறைக்கு மாற்றினார்கள்.

வீட்டில் வெக்கை ஏறினால் என்னைக் கூப்பிடுவார். மத்தாப்புப் பெட்டியின் அட்டை ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் விசிறுவேன். கை வலித்ததும் விளையாட ஓடிவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு எல்லோரும் இருக்கன்குடி போனோம். ஆற்றங்கரையில் சட்டியில் தீ வளர்த்து அம்மா கையில் வேப்பிலையோடு கொடுத்தார்கள். மஞ்சள் சேலையில் அம்மா எனக்குப் புதிதாகத் தெரிந்தார். பாதி வழியில் அவர் முகம் சிவந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. நின்றார். தோள் நடுங்கியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பெரியம்மா கத்தினார். சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் மண்ணில் விழுந்து கும்பிட்டார். மகளுக்குப் பிள்ளை இல்லை என்று அழுதபடி ஒரு பெண் அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். யாரோ சட்டியை வாங்கிக்கொள்ள, நாலைந்து பேர் முந்தானையால் அம்மாவுக்கு விசிறினார்கள்.

"தண்ணி" என்றார் அம்மா, மெதுவாக.

"ஆத்தா தண்ணி கேக்குறாடி! இந்த வருசம் மழை இருக்கு!" என்றார் பெரியம்மா.

குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் அம்மா தலையில் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நிம்மதியான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கம்பெனியில் எழுந்து போ என்று விரட்டப்பட்ட அதே வேர்வையை இங்கே ஜனங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதை யார் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஓய்ந்ததும் அம்மா என் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தார். ஈரத் தரை லேசாக வழுக்கியது. பெரிதாக ஒன்றும் விழவில்லை. நாங்கள் பிள்ளைகள் தினமும் விழுவதுதான். வலது கையை ஊன்றினார். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"விரதத்துல என்னமோ குறை வச்சிட்டே" என்றார் பெரியம்மா. அம்மா ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து, இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மணிக்கட்டு கோணலாகவே கூடியது. திரி சுற்றும் வேலை போயிற்று. ஆத்தாவின் பாரம் தாங்காமல் எலும்பு ஒடிந்தது என்று நான் வகுப்பில் சொன்னேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லைக் கல்லூரியில்தான் முதலில் கேட்டேன். இளவயதில் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அது ஒரேயடியாக நின்றுவிடும், வெக்கை ஏறும், எலும்பு வருடக்கணக்காகக் கரையும், தகுந்தவர்களுக்கு ஹார்மோன் மருந்து கொடுத்து அந்த இழப்பை ஈடுகட்டலாம் என்று மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மூங்கில் பத்தை கட்டிய கை கண்முன் வந்தது.

போன வருடம் வாசற்படியில் தடுக்கி அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு காலில் ரத்தமும் கட்டியது. மதுரையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படங்களை நெடுநேரம் பார்த்தார். "ஆபரேஷன் முடிஞ்ச கையோட ஹார்மோன் ஆரம்பிச்சிருக்கணும்மா. இம்புட்டு வருசம் கழிச்சு, ரத்தக்கட்டும் வந்த பிறகு, அது இவங்களுக்கு ஆகாது. எலும்புக்கு வேற மருந்து எழுதுறேன்" என்றார். நல்லவேளை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே நின்றார் என்று நினைத்தேன். திரும்பும்போது எலும்பு மருந்தைப் பற்றி மட்டும் சொன்னேன். இருக்கன்குடியைப் பற்றிப் பேசவில்லை. ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஒருநாள்தான். அதையும் நான் பறிப்பதா?

இந்த வருடம் அக்காவுக்கும் அதே ஆபரேஷன் நடந்தது. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தையல் பிரித்த கொஞ்ச நாளிலேயே அவளும் முந்தானையால் விசிறத் தொடங்கினாள். ஆடிக்குச் சட்டி இனி இவள் கையில்தான் என்று பெரியம்மா வந்து சொன்னார். இது ஆத்தா இல்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

எனக்குப் பதிலாகக் கட்டிலிலிருந்து அம்மா பேசினார்.

"அவ சொல்றபடி கூட்டிட்டுப் போகட்டும்க்கா. சட்டிய இந்த வருசம் வேற யாராச்சும் எடுக்கட்டும்."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாமி கோயில்லதானடி வரும்" என்றார் அம்மா. "எனக்கு அடுப்படியிலயும் வந்துச்சு, கம்பெனியிலயும் வந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏம்மா அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல?"

"அன்னிக்கு ஒரு நாளாச்சும் அம்புட்டுப் பேரும் விசிறுனாக."

மத்தாப்பு அட்டையை வைத்துவிட்டு நான் விளையாட ஓடிய மத்தியானங்களில், பின்னால் அம்மாவுக்கு யார் விசிறினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அக்காவோடு ஆமத்தூரில் மதுரை பஸ் ஏறினேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பைப் பரிசோதித்தார், ரத்தக்கட்டு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா என்று கேட்டார். ஆபரேஷன் சீட்டை இரண்டு முறை படித்த பிறகே ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்கித் திறந்து கொடுத்தேன். அக்கா என்னைப் பார்த்தபடியே முதல் மாத்திரையை விழுங்கினாள்.