டமாலு நண்டும் திருவொற்றியூர் பட்டம்மாளும்

பட்டம்மாளுக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் பொட்டலக் காகிதம்தான். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த அய்யாத்துரை அண்ணாச்சி, பழைய பத்திரிகைகளைக் கிழித்துத்தான் பருப்பும் மிளகாயும் கட்டுவார். வீட்டுக்கு வந்ததும் சாமானை டப்பாவில் கொட்டிவிட்டு, காகிதத்தைக் கையால் நீவி, நின்றபடியே படித்துவிடுவாள். கதை எப்போதும் பாதியில் அறுந்துபோயிருக்கும். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்பாள்.

"அண்ணாச்சி, நேத்து மல்லி கட்னீங்களே, அதுக்கு அடுத்த பக்கம் கீதா?"

"அதுல யாருக்கோ கடுகு கட்டிட்டேன் தாயி," என்பார் திருநெல்வேலிக்காரரான அண்ணாச்சி.

போன பக்கம் போனதுதான். தீப்பெட்டி ஃபேக்டரியில் பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டே அந்தக் கதைகளுக்கு அவளே முடிவு கட்டுவாள். கைக்கு வேலை இருந்தது, தலைக்கு இல்லை. போர்டு ஸ்கூலில் ஐந்தாவது வரை படித்தவள் அவள். அதற்கு மேல் படிக்கவைக்க ஆளில்லை. அதைப் பெரிய குறையாகச் சொல்லிக்கொள்ளவும் அவளுக்கு நேரமில்லை. புருஷன் கருணாகரன் தண்டையார்பேட்டையில் அப்துல் வஹாப் பாயின் அச்சாபீசில் டிரெடில் மெஷின் மிதித்தான். ஒரே மகள் சிவந்தி.

சிவந்திக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தை அவள் பார்த்ததில்லை. அதுவும் அவளுக்குப் பிரம்போடு சேர்ந்தே நினைவுக்கு வரும். ஒன்பது வயதில் அவள் ஆசையெல்லாம் கடற்கரை மேல்தான். 1951 கோடையில் கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் உச்சியிலிருந்து குதித்து வலது காலை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அசையாமல் இருப்பது சிவந்திக்குக் கால் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. வேலைக்குப் போகாமல் இருக்கப் பட்டம்மாளால் முடியாது. பகலில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கஞ்சி கொடுப்பாள். சாயங்காலம் பட்டம்மாள் வந்து உட்கார்ந்து ஒரு கதை ஆரம்பித்தாள். எண்ணூர்க் கழிமுகத்து நண்டு ஒன்று மீன்காரி கூடையில் மாட்டி, எண்ணூர் பாசஞ்சரில் ஏறி, ராயபுரம் ஸ்டேஷனில் தப்பித்து, வீட்டுக்கு வழி தேடி அலைகிற கதை. மறுநாள் காலையில் மிச்சத்தைச் சொல்ல உட்கார்ந்தாள். அந்த நண்டு துறைமுகத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஃபேக்டரிச் சங்கு ஊதிவிட்டது.

"யம்மா, போவாத! அப்பால இன்னா ஆச்சு?"

"சங்கு ஊதிட்டான்டி. வந்து சொல்றேன்."

"அதுவரைக்கும் நானு இன்னா பண்றது?"

பட்டம்மாள் அவசரத்தில் மூலையில் கிடந்த நீலத்தாள் ஒன்றை எடுத்தாள். தீப்பெட்டிகளை டஜன் டஜனாகக் கட்டுகிற தாள். ஓரம் கிழிந்தால் ஃபேக்டரியில் கழித்துவிடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பென்சிலால் பத்து வரி எழுதி மகள் மடியில் போட்டாள். "மிச்சத்த படிச்சிக்கோ," என்று ஓடிவிட்டாள்.

அன்று முழுவதும் சிவந்தி எழுத்துக்கூட்டிப் பத்து வரியைப் படித்தாள். பத்தாவது வரியில் நண்டு கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அம்மா வாசலில் கால் வைக்கும் முன்பே, "இன்னும் ரெண்டு தாள் எழுது. பெரிசா எழுதாத, பொடியா எழுது. அப்பத்தான் நெறைய வரும்," என்றாள்.

இரண்டாம் வாரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் கூட ஆரம்பித்தார்கள். சிவந்தி கட்டிலில் காலை நீட்டியபடி படித்துக் காட்டுவாள். நண்டு பேசும் இடத்துக்கு வந்தால் குரலை மாற்றுவாள். "இன்னா நைனா, இது எந்த ஸ்டேசனு? எங்க வூட்டுக்கு எப்டி போறது?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாங்கள் பேசுகிற பேச்சு எழுத்தில் இருக்கும் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நம்பாத ஒரு பெண், "எங்க காட்டு, மெய்யாலுமே அப்டியா எழுதிகீது?" என்று தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு அவளே உரக்கப் படித்தாள்.

சிவந்திக்குக் கட்டுப் பிரித்தபோது நீலத்தாள் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருந்தது. கருணாகரன் அதைச் சுருட்டி அச்சாபீசுக்கு எடுத்துப்போனான். வேலை நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவனை வஹாப் பாய் பிடித்துவிட்டார்.

"இன்னாடா அது?"

"நம்ம வூட்ல எழுதுனது மொதலாளி. கொயந்தைக்கு."

பாய் வாங்கிப் படித்தார். ஒரு கல்யாணப் பத்திரிகை புரூஃப் மேசையில் காத்துக்கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இரண்டு முறை கனைத்தும் அவர் தலை தூக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நேரே திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, காலண்டர் வெட்ன துண்டுத்தாளு எங்கிட்ட மூட்டை மூட்டையா கீது. உள்ளங்கை சைசுக்குச் சின்ன புஸ்தகம் போடலாம். ஒண்ணே ஒண்ணு. அச்சுல 'கீது', 'போவாத'ன்னு போட்டா படிச்சவங்க சிரிப்பாங்க. கொஞ்சம் மாத்திடட்டா?"

"சிரிக்கட்டும் பாய். சிரிக்கத்தானே எழுதினேன்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான்," என்றார். ஆனால் எழுத்துக் கோக்க உட்கார்ந்ததும் வேறு வம்பு வந்தது. பக்கத்துக்கு இருபது இடத்தில் 'நண்டு' வந்தது. அச்சாபீசில் இருந்த 'ண்' எழுத்தெல்லாம் நான்காவது பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. கருணாகரன் சைக்கிளில் பறந்து வந்தான்.

"பட்டு, அந்த நண்டுக்கு ஒரு பேரு வெய்யி. 'ண்' வரக் கூடாது. 'ட'வும் 'மா'வும் எக்கச்சக்கமா கீதுன்னு பாய் சொன்னாரு."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்தபடி பட்டம்மாள், "அப்ப டமாலுன்னு வெய்யி," என்றாள். அதுவே நிலைத்தது.

'டமாலு' அறுபத்துநாலு பக்கம். அண்ணாச்சி கடையில் கயிறு கட்டி, துணிக் கவ்வியில் மாட்டி வைத்தார்கள். அண்ணாச்சி முதலில் முகம் சுளித்தார். இரண்டாம் நாள் கடைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கயிற்றை வெற்றிலைத் தட்டுக்கு நேர் மேலே நல்ல இடமாக மாற்றிக் கட்டினார். டோல்கேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும்கூடப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் சிவந்தியின் பள்ளி வாத்தியார் இன்னாசி வீட்டு வாசலில் வந்து நின்றார். ராயபுரத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பேர். கையில் துணிப்பை. அதைக் கவிழ்த்ததும் தரையில் பதினோரு 'டமாலு' விழுந்தது. பட்டம்மாள் குனிந்து அதைப் பொறுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். விரலில் தீக்குச்சி மருந்து வாடைகூடப் போகவில்லை.

"இதையெல்லாம் எழுதினது நீங்கதானா அம்மா?"

"ஆமா சார்."

"கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிக்கிறாங்க. கட்டுரையில 'பசுவுக்கு நாலு காலு கீது'ன்னு எழுதறான் ஒருத்தன்."

"மன்னிச்சிக்குங்க சார்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சிவந்தியை ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "அது போகட்டும். இந்தப் பதினொண்ணுலயும் கடைசித் தாளே இல்லையே? நண்டு டிக்கெட் பரிசோதகர் தொப்பிக்குள்ள ஒளிஞ்சுது. அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

பட்டம்மாள் திகைத்துப்போய் ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். உண்மையிலேயே கடைசித் தாள் இல்லை. சிவந்திதான் விளக்கினாள்: "அது நாங்கதான் சார் கிழிச்சு வெச்சிக்குவோம். இரவல் குடுத்தா புஸ்தகம் திரும்பி வராது. கடைசித் தாளு நம்மகிட்ட இருந்தா ஓடியாந்து குடுத்துருவாங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பட்டம்மாளுக்கும் பயம் விட்டுப்போய், எழுந்து நின்று நடித்தே காட்டினாள்.

"எண்ணூர் ஸ்டேசன்ல பெரிய ஆபீசரைப் பாத்துட்டு தொப்பியக் கயட்டி சலாம் வெப்பாரு சார். டமாலு ஆபீசர் பூட்சு மேல குதிச்சு, 'சலாம் சார், நானு இங்கதான் எறங்கணும்'னு சொல்லிட்டு, கழிமுகத்தப் பாத்து நடையைக் கட்டிடும்."

இன்னாசி வாத்தியார் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். போகும்போது, வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பிள்ளைகளை இதைப் படிக்கவிட்டு, அதிலிருந்து நாலு கேள்வி கேட்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார்.

"கேள்வி கேட்டா யாரும் படிக்க மாட்டாங்க சார்," என்றாள் சிவந்தி.

பட்டம்மாள் மகளின் தலையில் குட்டப் போனாள். வாத்தியார் கையால் தடுத்தார். "அப்ப கேள்வி கிடையாது," என்றார்.

சொன்னபடியே நடத்தினார். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குக் கேள்வியும் இல்லை, பிரம்பும் இல்லை. தன் வீட்டிலிருந்த பழைய சிறுவர் பத்திரிகைகளையும் தைத்து எடுத்து வந்து வைத்தார். பட்டம்மாள் ஒரு முறை லீவு போட்டு அங்கே போனபோது, மலிகா என்ற பெண் எழுந்து சண்டைக்கு வந்தாள். "எங்க வாப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்றாரு. கொக்கி மேல நண்டு அப்டி ஏற முடியாதுக்கா. கம்பி பூரா கிரீசு. வழுக்கும்." பட்டம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள். இரண்டாம் பதிப்பில் டமாலு மூன்று முறை வழுக்கி விழுந்த பிறகே ஏறியது. பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

பேர் கொஞ்சம் பரவியதும் பாரிமுனைப் பக்கம் ஒரு பதிப்பகக்காரர் சொல்லியனுப்பினார். நல்ல தாளில் போடுவதாகச் சொன்னார். கதையில் ஒரு ராஜாவும் முடிவில் ஒரு நீதியும் வேண்டும் என்றார். பட்டம்மாள் முயன்றும் பார்த்தாள். சோம்பேறி ராஜா ஒருவனை இரண்டு வாரம் எழுதித் திருத்தினாள். சிவந்தி படித்துவிட்டு, "இன்னாம்மா இது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே கீது," என்றாள். பட்டம்மாள் தானும் இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். ராஜா சோம்பேறியோ இல்லையோ, கதை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தாள்கள் நாலைந்து நாள் அடுப்பு மூட்ட உதவின.

1958க்குள் வஹாப் பாயின் துண்டுத்தாளில் அவளுடைய புத்தகங்கள் ஒன்பது வெளிவந்தன. உப்பளத்து வாத்து, தூங்குமூஞ்சி கூட்ஸ் ரயில், ரிக்‌ஷாவில் வந்த ஆமை. தீப்பெட்டி வேலையை அவள் விடவில்லை. குச்சி அடைக்கும்போதுதான் கதை வருகிறது என்பாள்.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது புத்தகத்தை வாத்தியாரிடம் கொடுக்கப் பள்ளிக்குப் போனாள். வகுப்பு வாசலில் நின்றாள். நாற்பது பிள்ளைகள், பெஞ்சிலும் தரையிலும், சிலர் குப்புறப் படுத்தும் படித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரும் படித்துக்கொண்டிருந்தார். அவள் வளையலை ஆட்டிப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. மூலையில் ஒரு பெண் மட்டும் எதையோ படித்துத் தனக்குத்தானே சிரித்தாள்.

பட்டம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய், கடைசி பெஞ்சில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். எல்லாப் பக்கமும் இருந்தது.