முதலாவதா, இரண்டாவதா?

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். அதிகாரம் என்று பார்த்தால் கடையில் அவளுக்கு ஒரு மண்ணும் கிடையாது. பூட்டுச் சாவிகூட முதலாளியின் மைத்துனரிடம்தான் இருக்கும். ஆனால் யார் கண்ணுக்கு என்ன பவர் என்று அக்கா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் கண்ணாடி துடைக்கும் வேலைக்குத்தான் வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆறு வருடமாகக் கதவோரம் நின்று கவனித்திருந்த அக்கா, முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கடைக்குப் பின்னால் ரயில்பெட்டி போல நீண்ட அறை. ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறு கோடியில் ரெக்சின் கிழிந்த நாற்காலி, பக்கத்தில் வரிசை வரிசையாக வில்லைகள் செருகிய மரப்பெட்டி. வந்தவர் மூக்கில் கனத்த வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை.

அவள் யாரையும் "நல்லா தெரியுதா?" என்று கேட்டதே இல்லை. கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். மனிதர்களுக்கு உள்ள மரியாதை அப்படி. எதிரே ஒருத்தி மெனக்கெடும்போது, தெரியவில்லை என்று சொல்ல வாய் வராது. அதனால் எப்போதும் இரண்டிரண்டாகக் காட்டுவாள். "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" ஜெயித்ததை வைத்துக்கொண்டு அடுத்ததைக் காட்டுவாள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுவாள்.

இதற்கு மேல் ஒரு சூட்சுமமும் வைத்திருந்தாள். அதைக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் அவள் புருஷன். திரைச்சீலைத் துணி வாங்கப் போன இடத்தில், எதைக் காட்டினாலும் "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்றார் மனுஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில். சந்தேகப்பட்ட அக்கா, அதே துணியை மடித்து இரண்டாம் முறையும் காட்டினாள். "இது முன்னதவிட இன்னும் நல்லாருக்கே" என்றார். அக்கா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் கடைக்கு வந்ததும் அதே வித்தையை வில்லையில் செய்துபார்த்தாள். ஒரே வில்லையை எடுத்து, துடைப்பதுபோல் துடைத்து, திரும்பவும் போட்டாள். பாதிப் பேர் "இது இன்னும் தெளிவு" என்றார்கள். யாருடைய பதிலை நம்பலாம், யாரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் ஒரு சட்டம் வந்து நின்றது. இனிமேல் சான்றிதழ் உள்ளவர்தான் கண் பார்க்கலாம். தேர்வு ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர் முன்னால் ஓர் ஆளுக்குக் கண் பார்த்து, பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "ரெண்டு மாசம் இருக்குக்கா. கெடைக்கலன்னா புது ஆள் ஒருத்தர போட்டுத்தான் ஆகணும். நீங்க பழையபடி முன்னாடி இருந்துக்கங்க."

பழையபடி என்றால் துடைக்கும் வேலை. அக்கா வில்லைப் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததையெல்லாம் மறுபடி துடைத்தாள். அந்த அறையை விட்டுக்கொடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆங்கிலத்துக்கு ஆள் வீட்டிலேயே இருந்தாள், அதுதான் சங்கடம். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஒட்டுதல் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா சொன்ன ஏதோ ஒரு ஆங்கில வார்த்தைக்கு நாத்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அக்கா வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்க் கேட்டாள். நாத்தனார் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து சமையலறை மேடையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ரெண்ட ஒப்பிட்டா பெட்டர். மூணு நாலுல ஒண்ணுன்னா பெஸ்ட். மோர் பெட்டர்னு மட்டும் சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னும் நல்லாருக்குன்னா இன்னும்ங்கறது வேணாமா?"

"பெட்டருக்குள்ளயே அந்த இன்னும் இருக்கு."

பயிற்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமே. வீட்டில் ஒப்பிடுவதற்குத் தோதாக இருந்தது ஒரே ஒரு ஜீவன். என் புருஷன் உன் புருஷனைவிடச் சோம்பேறி. என் புருஷன் உன் புருஷனைவிடப் பெரிய பொய்யன். இந்தத் தெருவிலேயே உரக்கக் குறட்டை விடுகிறவர் என் புருஷன். எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில். "என் அண்ணன்னு ஒரு மரியாத இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் சரி போட்டாள். இரண்டு பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தன் பெயர் ஏன் அடிக்கடி அடிபடுகிறது என்று புரியாமல் அந்த மனுஷன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளன்று அக்காவின் முறை ஏழாவதாக வந்தது. நாற்காலியில் கண் காட்ட உட்கார்ந்திருந்தவர் அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன், அறுபதைத் தொட்ட மனிதர். காலையிலிருந்து ஆறு பேர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரோரம் மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு இருந்தார். பதினைந்து நிமிடம். உண்மையான பவர் அவர் கையிலிருந்த உறைக்குள் இருந்தது.

"ஒன் ஆர் டூ? விச் இஸ் பெட்டர்?" என்றாள் அக்கா.

"டூ" என்றார் வாட்ச்மேன்.

அடுத்த ஜோடிக்கும் டூ. அதற்கடுத்த ஜோடிக்கும் டூ. எட்டு நிமிடத்தில் வலக்கண்ணுக்கு ஓர் எண் வந்துவிட்டது. எழுதிவிட்டு இடக்கண்ணுக்குப் போகலாம். அக்காவின் கை பழக்கத்தில் அந்த வில்லையை எடுத்து, துடைத்து, அதையே திரும்பப் போட்டது.

"டூ" என்றார் வாட்ச்மேன். "வெரி பெட்டர்."

இதுவரை வந்த எண் அத்தனையும் வெறும் மரியாதை. கடையாக இருந்தால் தமிழில் நாலு வார்த்தை பேசி ஆளை இளக்கிவிடுவாள். இங்கே வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வர வேண்டும்; அவளிடம் இருந்ததோ சமையலறை ஆங்கிலம். கடிகாரத்தைப் பார்த்தாள். மேற்பார்வையாளரைப் பார்த்தாள். வாட்ச்மேன் மூக்கிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சார், மை ஹஸ்பண்ட் ஆல்சோ ஆல்வேஸ் சே டூ. பட் யூ ஆர் எ பிக்கர் லயர் தேன் மை ஹஸ்பண்ட்."

வாட்ச்மேன் ஒரு கணம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஒன், ஓகே. டூ, ஓகே. சேம், ஆல்சோ ஓகே" என்றாள் அக்கா.

"சேம் ஓகே?" என்று கேட்டார். ஒன்றுபோல் இருக்கிறது என்று சொல்லலாம் என்பதை அவரிடம் அதுவரை யாருமே சொல்லவில்லை. நாற்காலியில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். இப்போது ஒன் வந்தது, டூ வந்தது, யோசனை வந்தது. வலக்கண் முடியும்போது மணி அடித்தது. மேற்பார்வையாளர் எழுந்து, நேரம் முடிந்துவிட்டது, இருப்பதை எழுதலாம் என்றார். இடக்கண்ணுக்கும் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று உள்ளுக்குள் பதறியது அவளுக்கு. ஆனாலும் பார்க்காத கண்ணுக்கு எண் எழுத அந்தக் கை பதின்மூன்று வருடத்தில் பழகியிருக்கவில்லை.

"ஒன் மோர் ஐ, சார்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடக்கண்ணில் வில்லையைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, போச்சு என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் கடையின் முன்கூடத்தில் நின்று துடைத்துப் பழகிக்கொண்டாள். பிறகு கடிதம் வந்தது. நேரத்துக்குப் பூஜ்ஜியம். மொழிக்கு எல்லைக்கோட்டு மதிப்பெண். பவருக்கு முழு மதிப்பெண். இரண்டு கண்ணும் சரியாக வந்தால்தான் தேர்ச்சி என்பது விதி. அன்றைக்கு வந்த பதினொரு பேரில் அக்கா ஒருத்திக்குத்தான் இரண்டும் சரியாக வந்திருந்தது; தேறிவிட்டாள். நாத்தனாருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முந்தியது. "பிக்கர் லயர் தேன், இலக்கணம் அவ்வளவு சுத்தம். எவன் திருத்தினான் இத?" என்று கடிதத்தை ஆட்டிக்கொண்டு நின்றவள், சட்டென்று அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய வாரத்தில், கடைவாசலில் அந்த வாட்ச்மேன் வந்து நின்றார். சீருடையில்லாமல் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"கண்ணாடி போடணும்மா."

"ஏன், அங்க போட்டுக் குடுக்கலையா?"

"மூணு வருஷமா அங்க கண்ணு காட்டறேன். எத்தன பேர் பாத்தாங்கன்னு கணக்கே இல்ல. பரீட்ச முடிஞ்சா எந்திரிச்சுப் போவாங்க. கண்ணாடி யாரு போட்டா?"

அக்கா அவரை உள்ளே கூட்டிப்போய், கிழிந்த ரெக்சின் மேல் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்தாள். தேர்வில் தான் எழுதிக் கொடுத்த எண் அவளுக்கு மனப்பாடம். நேராக எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் விளக்கைப் போட்டு, முதல் வில்லையிலிருந்து ஆரம்பித்தாள். கடைசி வில்லைக்கு வந்ததும் எடுத்து, துடைத்து, அதையே திரும்பப் போட்டாள்.

"முன்னது தெளிவா, இது தெளிவா?"

அவர் நிதானமாகப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.