கானுக்குள் இறங்கிப் பேசிய விலை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுதினால் வரி கோணும், நடந்தது முன்னும் பின்னுமாக வரும். ஞாபகமும் முந்தி மாதிரி இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது திருகோணமலையில், வெளிநாட்டுக் கார் வருவதை அரசாங்கம் நிற்பாட்டிச் சில வருஷங்களுக்குப் பிறகு நடந்தது. என் கணவர் ஹயர் கார் ஓடினவர். இங்கிலாந்தில் செய்த சின்னக் கார். துறைமுகத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போவார். இடையில் கடல், அப்போது பாலம் கிடையாது. காரையும் ஆட்களையும் மிதவையில் ஏற்றி அக்கரை விடுவார்கள். அதைப் பாதை என்போம்.

அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. வைத்தியம் பார்த்தும் சரிவரவில்லை. இனி ஓட ஏலாது என்று ஆனபோது, காரை விற்று முன் அறையில் பலசரக்குக் கடை போடுவதென்று முடிவெடுத்தோம். மூன்று பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடை சரிவராவிட்டால் மூத்தவளின் படிப்பை நிற்பாட்ட வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

கணவருக்கு அண்ணன் முறையான ஒருவர் கார் தரகு செய்தார். அவர் ஒரு விலை சொன்னார். அது கடைக்குச் சாமான் வாங்கவே போதாது.

"பழைய கார் பிள்ளை. வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கும், ஏறாது" என்றார்.

என் கணவரும், "குருடன்ர காரை ஆர் வாங்குவான், இஞ்சேர், குடுத்திடுவம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குப் பருப்புச் சுற்றி வந்த பேப்பரில் கார் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் கார் மாதிரியேதான். விலையும் தரகர் சொன்ன விலைக்குக் கிட்டத்தான். சரி, மனுஷன் பொய் சொல்லவில்லை என்று பேப்பரை அடுப்புக்குள் வைக்கப் போனேன். அப்போதுதான் மேலே தேதியைப் பார்த்தேன். கார் வருவது நிற்பதற்கு முந்தின பேப்பர் அது.

பக்கத்து வீட்டில் ஞாயிறு தவறாமல் பேப்பர் எடுப்பார்கள். கார் விலை பார்க்க என்று சொல்லிக் கேட்க எனக்கு வெட்கம். அலுமாரித் தட்டில் விரிக்க என்று வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறும் கேட்டேன், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன்.

"உங்கட அலுமாரியில எத்தினை தட்டு பிள்ளை?" என்று அந்த வீட்டு அக்கா சிரித்தார்.

அதே வருஷத்துக் கார், அதே மாதிரி ஓட்டம் என்று பார்த்துப் பார்த்து வெட்டி வைத்தேன். புதுக் கார் வராததால் பழையதற்கு விலை ஏறியிருந்தது. தரகர் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பிறகு ஒருநாள் தரகர் கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தார். ஆண்கள் முன்னால் இருந்து கதைத்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். பழைய விலைக்கே கை கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், என்னவோ, கால் தானாக வெளியே வந்துவிட்டது. வெட்டி வைத்த துண்டுகளை வியாபாரிக்கு முன்னால் வைத்தேன். தரகர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை.

வியாபாரி ஆறுதலாக ஒவ்வொன்றாக வாசித்தார்.

"தங்கச்சி, இது கொழும்புக் காருட விலை. உங்கட கார் எத்தின வருஷம் பாதையில ஏறி இறங்கினது? அடி முழுக்க உப்புத் திண்டிருக்கும். அதோட, பேப்பரில கேக்கிற விலையத்தான் போடுவாங்க. குடுத்த விலைய ஆரு போடுறா?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஆனால் ஒன்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு முன்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கானின் மேல் இரண்டு பலகை போட்டு, பாதையால் வந்த ஒவ்வொரு நாளும் அதில் காரை ஏற்றி, அடியை நல்ல தண்ணீரால் கழுவாமல் என் கணவர் சோறு தின்னமாட்டார். கிணற்றில் தண்ணீர் இறைத்தது நான்.

"நானா, வந்து பாருங்கோ" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

கார் அந்தப் பலகையின் மேல்தான் நின்றது. அகப்பையை எடுத்து, சேலையைச் செருகிக்கொண்டு, காய்ந்து கிடந்த கானுக்குள் இறங்கினேன். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முகம் எரிந்தது. ஆனாலும் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு போனேன். டங், டங் என்று நல்ல தகரச் சத்தம். பின் ஆசனத்துக்குக் கீழே, ஒரு மூலையில் மட்டும் சத்தம் செத்துப்போய் வந்தது. இன்னொரு தரம் தட்டினேன். அப்படியேதான்.

"நானா, இந்த மூலையை உப்புத் திண்டுபோட்டுது. மற்றதெல்லாம் நல்லாயிருக்கு" என்றேன்.

"இவள் விக்கிறாளோ வாங்கிறாளோ?" என்று தரகர் தலையில் கை வைத்தார்.

வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கானுக்குள் இறங்கினார். அகப்பையை வாங்கி, ஓர் இடம் விடாமல் தட்டினார். மேலே ஏறி மண்ணைத் தட்டிவிட்டு என் கணவரிடம்,

"தம்பி, காரை நல்லா வெச்சிருந்திருக்கீங்க. அந்த மூலைக்கு ஒட்டுப் போடுற காசக் கழிச்சிட்டு பேப்பர் விலையே தாறன்" என்றார்.

காரின் மேல் வைத்த கையை எடுக்க என் கணவருக்குக் கொஞ்ச நேரம் சென்றது.

கடை போட்டோம். கண் முழுதாகப் போன பிறகும் தராசு முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தே சாமான் நிறுத்தார். மூத்தவள் படித்து முடித்தாள்.

ஒரு பொருளின் விலையைப் பேப்பர் சொல்லும். அதை வைத்திருந்தவர்களின் பாடு அதில் இராது. அதை நாங்கள்தான் வாய் திறந்து சொல்லவேண்டும், பழுதான மூலையையும் சேர்த்து. கார் வருவது எந்த வருஷம் நின்றது, மூதூருக்கு அப்போது எத்தனை இடத்தில் பாதை ஏறவேண்டும் என்பதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்த அகப்பைச் சத்தத்தை மட்டும் திருத்த வேண்டாம், அது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது.