‘இஸ்’ என்று சொல்லும்வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மாசி மாதத்தில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் மைட், மே, மஸ்ட் பாடம். மைட் என்றால் நம்பிக்கை கொஞ்சம், மே என்றால் அதைவிடக் கூடுதல், மஸ்ட் என்றால் உறுதி. ஜன்னலுக்கு வெளியே மலையில் கவிந்திருந்த மேகத்தைக் காட்டி, மழை வருமா என்று கேட்டுக் கேட்டே பாடத்தை முடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரேடியோவில் காஷ்மீர்ப் பக்கம் பனிச்சரிவு, ராணுவத்தார் சிலரைக் காணவில்லை என்றார்கள். என் அண்ணன் ராணுவத்தில் அங்கேதான் இருந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்த மதினி பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, “ஏட்டி, அவிய ஆபீஸ் நம்பர் இருக்குல்ல?” என்றாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். வெகுநேரம் முயன்றபின் லைன் கிடைத்தது. மறுமுனையில் ஓர் அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அண்ணன் பெயரைச் சொன்னதும், “ஹி மைட் பி இன் தி அப்பர் போஸ்ட்” என்றார்.

“என்ன சொல்லுதாக?”

மேலே இருக்கிறாராம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை.

“மேல் காவல் போஸ்டுல இருந்தாலும் இருக்கலாமாம் மதினி. சரியாத் தெரியலையாம்.”

மறுநாள் அதே குரல். கீழே மீட்கப்பட்டவர்களில் அண்ணன் இல்லை, இறந்தவர்களிலும் இல்லை. இப்போது மைட் போய் மே வந்திருந்தது. அந்த ஒரு சொல் மாறியதற்கே என் உடம்பில் ரத்தம் ஓடத் தொடங்கியதுபோல் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பேசியபோது, மேல் போஸ்டிலிருந்து புகை எழுவதை ஹெலிகாப்டரில் போனவர்கள் கண்டதாகச் சொன்னார். “ஹி மஸ்ட் பி தேர்.”

நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “கண்டிப்பா அங்கதான் இருப்பாகளாம்” என்றேன்.

மதினி சிரிக்கவில்லை. “கண்ணால பாத்தாகளா?”

அதை அவரிடம் கேட்டேன். “நோ, மேடம். பட் ஹி மஸ்ட் பி” என்றார்.

மஸ்ட் என்பதற்கு மேல் உறுதி கிடையாது என்றுதான் இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன். பார்த்தவருக்கு அந்தச் சொல்லே தேவையில்லை. பார்க்காதவர் தன் நம்பிக்கை முழுவதையும் திரட்டிச் சொல்லும் சொல் அது. என்றைக்கும் முகம் காணப்போகாத இரண்டு பெண்களிடம் ‘இருக்கிறார்’ என்று அவர் எளிதாகச் சொல்லியிருக்கலாம். அதைவிட ஆறுதல் எங்களுக்கு வேறில்லை. ஆனாலும் தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை.

அதன்பின் மேலே வானிலை மோசமாகிவிட்டது. போன் செய்தபோதெல்லாம் மஸ்ட்தான். மதினி கேட்பாள், தலையாட்டுவாள், நடந்து வீட்டுக்கு வருவாள்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்து போன் செய்தபோது என் குரலைக் கேட்டதுமே அந்த அதிகாரி, “ஹி இஸ் ஹியர்” என்றார்.

இஸ். பாலர் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிற சொல். அது இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. பூத்தின் மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அண்ணனின் குரல் கம்மலாகக் கேட்டது. “யாரு, பாப்பாவா? உங்க மதினி வந்திருக்காளா?”

மதினி ரிசீவரை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் பேசப் பேச, “ம்” என்ற ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது அவளால்.

சித்திரையில் அண்ணன் லீவில் வந்தார். இடது காலில் இரண்டு விரல்களைப் பனி தின்றிருந்தது. அந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்று ஆவலோடு கேட்டேன்.

“அவரா? அதிகம் பேச மாட்டாரு” என்றார் அண்ணன்.