மூன்று முனைத் தண்டு

எந்தக் காம்பு கைக்கு வந்தாலும் அவள் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். கொத்தமல்லியானாலும் சரி, ஆஸ்பத்திரியில் யாரோ நீட்டிய ரோஜாவானாலும் சரி. “எங்க அண்ணிக்குப் பூ குடுத்தா காம்பத்தான் பார்ப்பாங்க” என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை கொடுத்த பழக்கம் அது. ஏரிக்கரை சரியாமலிருக்கக் கோரை நட்டிருந்தார்கள். அதற்குள் களைப்புல் புகுந்துவிடும். பூ விடும்வரை இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். கலங்கல் தண்ணீரில் முழங்கால் நனைய நின்று, குனிந்து, அடித்தண்டை உருட்ட வேண்டும். முக்கோணமாக மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை, விட்டுவிடலாம். வழுவழுவென்று உருண்டால் புல், பிடுங்கலாம். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

போன மழைக்குப் பிறகு அவள் விரல் நுனிகள் மரத்துப்போயின. சர்க்கரை என்றார் டாக்டர். மாத்திரை தின்றும் விரலுக்கு உணர்ச்சி வரவில்லை. தொட்ட தண்டெல்லாம் புல்லாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வேலை போனால் வேறு வேலை கேட்டு எந்தப் படியும் ஏறத் தெரியாதவள் அவள்.

உதட்டில் வைத்தால் முனை தெரிந்தது. ஆனால் உதட்டுக்குக் கொண்டுபோக முதலில் பிடுங்கியாக வேண்டுமே! பிடுங்கி, பார்த்து, கோரையென்றால் மறுபடி சேற்றில் செருகினாள். இடுப்பு விட்டுப்போனது.

“பசிச்சா சொல்லுங்க அண்ணி, டப்பால சாப்பாடு இருக்கு. எதுக்கு மாடு மாதிரி மேயறீங்க?” என்றாள் பக்கத்து வரிசையிலிருந்த நாத்தனார்.

“வேலையப் பாருடி.”

செருகியது நிற்கவில்லை. மறுநாள் காலை கோரை கொத்துக் கொத்தாக மிதந்தது. மேஸ்திரி ஒரு கொத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது யாரு பார்த்த வேலை?”

நாத்தனார் அண்ணியின் விரல்களைப் பார்த்தாள். ஏதோ புரிந்துபோயிற்று. “நான்தாண்ணே. தூக்கக் கலக்கம்.”

“அப்போ நாளைலேருந்து வீட்டுல போய்த் தூங்கு.”

அண்ணிக்கு நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லை. கையைத்தான் நீட்டினாள். “கை செத்துப்போச்சுண்ணே. அவ பிடுங்கல. நான்தான்.”

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கொத்தைக் கீழே போட்டார். அவருக்கும் முட்டிவலி. “முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, அக்கா? மேல ஏறு. தண்ணிக்குள்ள இனிமே வேண்டாம்.”

இப்போது அவள் கரைமேட்டில் பாட்டிலும் பாலித்தீன் பையும் பொறுக்கிச் சாக்கில் போடுகிறாள். நாத்தனார் கீழே தண்ணீரில் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.