கூறை கட்டிக் கடன் கேட்ட நாள்

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. பேனையைப் பிடித்தால் ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது போய்விடும். இருந்தாலும் இந்தக் கதையை நானேதான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வேறு ஆட்கள் எழுதினால், அன்றைக்கு நான் இருந்த அழகைக் குறைத்து எழுதிவிடுவார்கள்.

அன்புவழிபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மணப்பெண் அலங்காரம் பழகியவள். நல்ல கை. ஆனால் சொந்தமாக ஒரு கதிரை இல்லை, ஆள் உயரக் கண்ணாடி இல்லை, வாடகைக்குக் கொடுக்க நகை இல்லை. வேறொருவரின் சலூனில் நின்று மற்றவர்களுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இளம் ஆட்களுக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுக்கிற திட்டம் ஒன்று வந்தது. சும்மா கொடுக்கமாட்டார்கள். முதலில் வகுப்பு. பிறகு ஆளுக்கொரு வழிகாட்டி. கடைசியில் துறைமுகப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், கடன் கொடுக்கிறவர்களுக்கு முன்னால் தொழிலைச் செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால் அவளுக்குச் சொந்தக் கடை. தேறாவிட்டால் மறுபடியும் அந்தச் சலூன்தான்.

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி. முதல் நாள் வந்து என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிளேன் ரீயைக் குடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"மேக்கப்பப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாது புள்ள. பெயின்ட் தெரியும். முதல்ல என்ன பூசுவீங்க?"

"பிரைமர், நானா," என்றாள் பிள்ளை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நம்மட தொழில்தான். காயாம அடுத்த கோட் அடிச்சா உரியுமா?"

"ஓம் நானா, உரியும்."

அன்றிலிருந்து இருவரும் ஒரே கட்சி. ஆனால் ஒரு விசயத்தில் அவர் தலையால் தண்ணீர் குடித்தார். பிள்ளைக்கு விலை சொல்ல வராது. அவர் கைலேஞ்சியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, "நான் கலியாணப் பொண்ணுட உம்மா எண்டு வைங்க. எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்பார். இவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் பாத்துத் தாங்கோ" என்பாள்.

"பாத்துத் தரமாட்டாங்க புள்ள. பாத்துட்டுப் போயிருவாங்க."

அவளைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் ஊரில் தையல்காரியும் அப்படித்தான், பலகாரம் சுடுகிறவளும் அப்படித்தான். கேட்கிற ஆள் அம்மாவோடு படித்தவளாக இருப்பாள், அல்லது கோயிலில் பக்கத்தில் நிற்பவளாக இருப்பாள். அந்த முகத்தைப் பார்த்து இவ்வளவு என்று சொல்ல வாய் வராது. எத்தனை தரம் கைலேஞ்சியைப் போட்டும், முதலாளியால் அவள் வாயிலிருந்து ஒரு இலக்கத்தை எடுக்க முடியவில்லை.

செய்து காட்டுகிற நாள் வந்தது. மணப்பெண்ணாக இருந்து காட்ட அவளுடைய சின்னம்மாவின் மகள் ஒத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் சின்னம்மா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். கலியாணத்துக்கு முன்னம் கூறைச்சீலை கட்டினால் தள்ளிப்போகுமாம். கோவிக்காதை பிள்ளை."

அவ்வளவுதான். பிள்ளை போனை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். கலியாணம் ஆகாதவர்களின் தாய்மார் எல்லோருக்கும் அதே பயம். ஆனவர்களுக்கு வேலை, பள்ளிக்கூடம், கைக்குழந்தை. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் குசினி வாசலில் வந்து குந்தினாள். "மாமி, நான் போகேல்லை," என்றாள். என்னை ஆச்சி என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் துருவலையை விட்டு எழும்பினேன்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போ."

"உங்களையோ?"

"என்ன, எனக்கு முகம் இல்லையோ? எனக்குத் தள்ளிப்போறதுக்கும் ஒண்டுமில்லை."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என் முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் பூசணிக்காயைப் பார்ப்பதுபோல. பிறகு ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வங்கியிலிருந்து வந்த சேர் ஒருவர், திட்டத்து மிஸ் ஒருத்தி, பேசாத ஒருவர். எங்களுக்கு முன்னால் போன பெடியன் ஒரு பழைய மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் காட்டினான். குறிஞ்சாக்கேணிப் பிள்ளையொன்று தொதல் கிண்டியது. அந்த மணத்தில் எனக்குப் பசி எடுத்துவிட்டது. எங்கள் முறை வந்ததும் நான் நிமிர்ந்து போய் நடுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மிஸ் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மணப்பெண் அலங்காரம் எண்டுதானே போட்டிருக்கு. பொம்பிளை எங்கே?"

"நான்தான் பிள்ளை," என்றேன்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பின் வரிசையில் இருந்த முதலாளி எழும்பி, "புது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க யாருக்கும் ஏலும் மிஸ். பழைய வீட்டுக்கு அடிச்சுக் காட்டினாத்தான் கைவேலை தெரியும்," என்றார்.

"பழைய வீடெண்டாலும் அத்திவாரம் இன்னும் ஆடேல்லை, தம்பி," என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

பிள்ளை தொடங்கினாள். அவள் வகுப்பில் பழகியது இளம் முகங்களில். என் கன்னத்தில் முதல் பூச்சு சுருக்கத்தில் போய் அடைந்து, வெடித்த வயல் மாதிரி வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் முழுவதையும் துடைத்தாள். மறுபடி விரல் நுனியால், மெல்லிசாக, தட்டித் தட்டி வைத்தாள். இந்த முறை நின்றது. பிறகு கண்ணுக்கு மை, காதுக்குத் தோடு, தலைக்குப் பூ. மண்டபத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பொட்டு வைக்கும் நேரம் அவள் கை அந்தரத்தில் நின்றது. என் மனுசன் போனதிலிருந்து என் நெற்றியில் விபூதி மட்டும்தான். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, வைக்கட்டா என்று கேட்கவும் முடியாமல் நின்றாள்.

"வை பிள்ளை. பொட்டில்லாத பொம்பிளையை எந்த மாப்பிள்ளை கட்டுவான்?"

வைத்தாள். குங்குமத்தின் குளிர்ச்சியை மறந்தே போயிருந்தேன். கூறையைச் சுற்றி, முந்தானையைச் சரிசெய்து, என்னை எழுப்பிச் சபைப் பக்கம் திருப்பிவிட்டாள். தொதல் கிண்டிய பிள்ளையின் தாய் வாயைக் குவித்து ஒரு குரவை போட்டா பாருங்கள், வெளியில் போன ஓட்டோ நின்றது. அவவோடு நாலைந்து பேர் சேர்ந்து போட்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. என் சொந்தக் கலியாணத்தில்கூட நான் குனிந்த தலை நிமிரவில்லை. இங்கே எல்லோரையும் நன்றாகப் பார்த்தேன்.

அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் வந்தது வில்லங்கம். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பினாள். பிள்ளையின் தாயோடு ஒன்றாகப் படித்தவள்.

"பிள்ளை, வைகாசியில என்ர மகளின்ர கலியாணம். பொம்பிளைக்கு அலங்காரம் செய்ய ஆள் பிடிச்சாச்சு. தாய் எனக்கு இப்பிடிச் செய்து விடுவியா? எவ்வளவு எடுப்பாய்?"

வங்கி சேர் பேனையை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"அது வந்து, அன்ரி," என்றாள் பிள்ளை. "உங்களிட்டப் போய் நான்... நீங்கள் பாத்து..."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கடனைப் பற்றிய யோசனைகூட இல்லை, என் முகத்தைப் பற்றியதுதான்.

"என்ன பாத்து? பொழுதுபட்ட பிறகு சந்தையில மிஞ்சின சூடை மீனோ நான், பாத்துத் தாறதைத் தாங்கோ எண்டு விக்கிறதுக்கு?"

முதலில் சிரித்தது பிள்ளைதான். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வாயோடேயே, அது தானாக வழுகி வந்ததுபோல, "ஆறாயிரம் அன்ரி," என்றாள். "வீட்டுக்கு வந்து செய்யிறதெண்டால் ஏழு."

"அம்மாவின்ர சிநேகிதி நான். ஐயாயிரம் எண்டு வை."

பிள்ளை சிரிப்பைத் துடைத்துக்கொண்டாள். "ஏலாது அன்ரி. சாமான் நல்ல சாமான்."

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "சரி, ஏழு. வீட்டுக்கே வா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் தங்கைக்கும் ஒரு நாள் கேட்டாள். வங்கி சேர் பேனையை மறுபடி எடுத்தார்.

முடிவைப் பின்நேரமே சொன்னார்கள். அவள் பெயர் வரும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். பெயர் வந்தது. வங்கி சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "கடன் கேட்டு வாற எல்லாரும் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். இண்டைக்கு ஏலாது எண்டு சொன்ன ஆள் இவ மட்டும்தான்," என்றார். முதலாளி எழும்பி நின்று, தானே கடன் வாங்கியவர்போல நாலு பக்கமும் தலையாட்டினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழக்கூடாது மாமி," என்றாள் பிள்ளை. அவள் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "எனக்கு மையில்லை. நான் அழலாம். நீங்கள் படம் எடுக்கிற வரைக்கும் பொறுங்கோ. இந்தப் படம்தான் கடைப் போர்ட்டிலை போடப்போறன்."

துறைமுகத்தைப் பின்னால் வைத்து, கப்பலொன்று தெரிய, முந்தானை காற்றில் பறக்க நின்றேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் வெக்கப்படுங்கோ மாமி," என்றாள். எவ்வளவு முயன்றும் அது மட்டும் எனக்கு வரவில்லை.