மங்களத் தட்டின் பின்பக்கம்

போன வாரம் தில்லைநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மண்டபத்து ஒலிபெருக்கியில் யாரோ போட்ட டேப்பில் மங்களம் வந்தது. கச்சேரியின் கடைசியில் பாடுவார்களே, அது. பாட்டு முடிந்ததும் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து இலையில் இருந்த என் மகள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா. இன்னும் பாயசமே வரல."

நூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் ஒரு கிழவன் மட்டும் எழுந்தால் வயதுக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது என் பழைய உத்தியோகத்தின் கோளாறு.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால், திருச்சி பெரிய கடை வீதியில் ராவுத்தர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். சென்னையில் ஏலத்தில் எடுத்த மூன்று பாட்டுப் பெட்டிகள் அவரிடம் இருந்தன. நெஞ்சு உயரத் தேக்குப் பெட்டி, உள்ளே கிராமபோன், பக்கத்தில் காசு போட ஒரு துவாரம். காலணாவைப் போட்டால் அதன் கனத்தில் உள்ளே ஒரு நெம்புகோல் சாயும், தட்டு சுழலும், மூன்று நிமிஷம் பாட்டு. காப்பி ஹோட்டல்களில் பெட்டியை வைப்போம். விழுகிற காசில் ஹோட்டல்காரருக்கும் பங்கு உண்டு. காலையில் போய் ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுத்து, ஊசி மாற்றி, அன்றைய தட்டைப் பொருத்துவது என் வேலை. ஒரு நாளைக்கு ஒரே தட்டுதான். இன்றைக்கும் எங்காவது காப்பிக்கொட்டை வறுத்தால் எனக்கு மெஷின் எண்ணெயும் சேர்ந்தே மணக்கும்.

ஜங்ஷன் பெட்டி முதலில் திரும்பி வந்தது. பாட்டில் சொக்கிப்போன பயணிகள் ரயிலை விட்டுவிட்டு ஹோட்டல்காரரிடம் சண்டைக்கு நின்றார்கள். தெப்பக்குளத்து ஹோட்டலில் காலணா அளவுக்கு ஈயத்தை வெட்டிப் போடக் கற்றுக்கொண்டார்கள். பெட்டி பேதம் பார்க்காமல் அதற்கும் பாடியது. அதுவும் வந்து சேர்ந்தது. மிச்சம் ஸ்ரீரங்கத்துப் பெட்டி ஒன்றுதான்.

அங்கேயும் தொல்லை. ஹோட்டல் முதலாளி ஐயங்கார் ஒரு நாள் என்னை நிறுத்தினார். "காலணா போடறவன் ஒருத்தன், கேக்கறவா முப்பது பேர். காப்பி ஆறி அவலாப் போனாலும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறா. வாசல்ல நிக்கறவாளை நான் எங்கே உக்கார வைக்கறது? வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துண்டு போயிடும்."

ராவுத்தரிடம் சொன்னேன். நல்ல மனுஷர். குரலை உயர்த்தாமலேதான் பேசினார். "அதுவும் திரும்பி வந்துட்டா, உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது தம்பி, நீங்களே சொல்லுங்க."

அப்போது என் மனைவி லால்குடியில் பிறந்த வீட்டில் இருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். நான் பார்த்தது ஒரே தடவை. வேலை நிலைக்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்று மாமனார் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை. ஐயங்காரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்பதற்கு என்னென்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தட்டைப் பொருத்தினேன். கூடம் நிறைந்திருந்தது. யாரோ காசு போட்டார்கள். பெட்டி மங்களம் பாடியது. தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காலங்கார்த்தாலே வியாபாரம் நடக்கிற இடத்தில் மங்களம்!

பேச்சு நின்றது. சிலர் கைகூப்பினார்கள். பாட்டு முடிந்ததும் முப்பது பேரும் எழுந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை; மங்களம் பாடி முடிந்தால் எழுந்துவிடுவது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் உடம்பில் ஊறின பழக்கம். ஒருவர் கையிலிருந்த பாதி வடையை ஒரு கணம் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். கை கழுவி, காசு கொடுத்து, போயே போய்விட்டார்கள். வாசலில் காத்திருந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஐயங்கார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கம்?"

"பின்பக்கம் சுவாமி. தப்பாப் போட்டுட்டேன்."

"திருப்பிப் போடறது எப்படின்னு எனக்குக் காமியும். பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

அன்று முதல் கூட்டம் சேர்ந்தால் அவரே தட்டைத் திருப்புவார், அவரே காலணாவும் போடுவார். எங்கள் பெட்டிக்கு அவரைப் போல வாடிக்கைக்காரர் வேறு யாரும் வாய்க்கவில்லை. விஷயத்தைக் கேட்ட ராவுத்தர் தொப்பி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சைக்கிளை நிறுத்தி, காவிரிப் பாலத்தின் நடுவில் சும்மாவே சிறிது நேரம் நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்குடி போய் இருவரையும் அழைத்து வந்தேன்.

யுத்தத்தில் ஊசி கிடைக்காமல் போயிற்று. பிறகு சர்க்காரே நடுவில் ஓட்டை போட்ட காலணாவை அடித்து விட்டது. அந்தக் கனத்துக்கு நெம்புகோல் அசையவே இல்லை. பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினோம். நல்லவேளை, அதற்குள் நான் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தேன். ஐயங்கார் அசரவில்லை. கூட்டம் சேர்ந்தால் கல்லாவில் உட்கார்ந்தபடி தாமே மங்களம் பாடினார். குரல் சுமார்தான். ஜனங்கள் முன்னைவிடச் சீக்கிரம் எழுந்தார்கள்.

ராவுத்தரும் ஐயங்காரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஹோட்டல் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. மங்களம் கேட்டு எழுகிறவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி போலிருக்கிறது. என்னை உட்கார வைத்தவளும் வேறு யாருமில்லை. அன்றைக்கு லால்குடி ரயிலில் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தவள்தான். அவள் சொன்னால் உட்காராமல் இருக்க முடியுமா? உட்கார்ந்தேன். பாயசம் வந்தது.